சைன் வளைவைத் துரத்தும் பல்லுறுப்புக் கோவை: ஜியோஜீப்ராவில் செய்து பார்ப்போம்

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும் தெரிந்தவர் சைன் 3-இன் மதிப்பைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். எக்ஸ் − எக்ஸ்³/6 + எக்ஸ்⁵/120 − … என்று போகும் அடுக்குத் தொடர் போதும். சார்புகளை இப்படி அடுக்குத் தொடராக எழுதும் பொதுச் சூத்திரத்தை ஆங்கிலேயக் கணிதவியலாளர் டெய்லர் வெளியிட்டது 1715-இல். சைனுக்கான இந்தத் தொடரைக் கேரளத்தின் சங்கமகிராம மாதவர் அதற்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் முன்பே கண்டிருந்தார்.

முதலில் ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளைத் திறந்து, உள்ளீட்டுக் கட்டத்தில் எஃப்(எக்ஸ்) = சைன்(எக்ஸ்) என்பதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கோணம் ஆரையனில்தான் இருக்க வேண்டும். பாகையில் கணக்கிட்டால் எதுவும் பொருந்தாது.

அடுத்து, என் (n) என்ற பெயரில் ஒரு ஸ்லைடர், அதாவது எண்ணை இழுத்து மாற்றும் பட்டை. 1 முதல் 15 வரை, ஒவ்வொன்றாக ஏறட்டும்.

இப்போது டெய்லர்பாலினாமியல் கட்டளை. தொடரை ஒரு குறிப்பிட்ட அடுக்கோடு நிறுத்தினால் கிடைக்கும் பல்லுறுப்புக் கோவையை இது வரையும். முதல் சில எழுத்துகளை அடித்ததுமே பட்டியலில் வந்துவிடும். அடைப்புக்குள் சார்பின் பெயர், மையப்புள்ளி, படி (மிக உயர்ந்த அடுக்கு) ஆகிய மூன்றும் வரும்: எஃப், 0, என்.

ஸ்லைடரை நகர்த்துங்கள். 1-லிருந்து 2-க்குப் போனால் ஒன்றுமே மாறாது. மென்பொருள் பழுதில்லை, சைன் தொடரில் இரட்டைப்படை அடுக்குகளே கிடையாது. எக்ஸ் = 3 என்ற இடத்தில் படி 3-க்கு −1.5, 5-க்கு 0.525, 7-க்கு 0.0911, 9-க்கு 0.1453, 11-க்கு 0.1409. உண்மை மதிப்பு 0.1411. தூரம் கூடக்கூடப் படியும் கூட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எல்லாச் சார்பும் இப்படிப் பணிந்துபோகுமா? எஃப்-ஐ 1/(1+எக்ஸ்²) என்று மாற்றுங்கள். வளைவில் முறிவோ கூர்முனையோ எங்கும் இல்லை, பார்க்கச் சாதுவானது. ஆனால் எக்ஸ் = 2-இல் படி 2-க்கு −3, 4-க்கு 13, 6-க்கு −51. உண்மை மதிப்போ 0.2! படியைக் கூட்டக்கூட நிலைமை மோசமாகிறது. −1-க்கும் 1-க்கும் இடையில் மட்டும் அழகாக ஒட்டிக்கொள்ளும்.

காரணம் வரைபடத்தில் தெரியாது. எக்ஸ்² = −1 ஆனால் பகுதி பூச்சியமாகிவிடும். அப்படி ஆக்குபவை i, −i என்ற கலப்பெண்கள், அதாவது எக்ஸ் அச்சுக்கு வெளியே இருக்கும் எண்கள். அவை இரண்டும் மையத்திலிருந்து சரியாக 1 அலகு தள்ளி இருக்கின்றன. தொடரின் எல்லையும் அங்கேயே முடிகிறது.

நம்பிக்கை வரவில்லையா? கட்டளையில் மையத்தை 0-லிருந்து 1-க்கு மாற்றுங்கள். அங்கிருந்து அந்தக் கலப்பெண்கள் √2 அலகு தொலைவு. படியைக் கூட்டிப் பாருங்கள்: இப்போது வளைவு −0.41-லிருந்து 2.41 வரை ஒட்டும். எக்ஸ் = 2-உம் வழிக்கு வந்துவிடும்.