நீளமான பதிப்பு இல்லாமல் வரும் டிஸ்க்: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2010 ஏப்ரலில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் மூன்றும் அமெரிக்காவில் முதன்முதலாக ப்ளூ-ரேயில் வந்தன. தியேட்டரில் ஓடிய வடிவம் மட்டும்தான். டிவிடியில் பல வருடம் பார்த்துப் பழகிய எக்ஸ்டெண்டெட் பதிப்பு (கூடுதல் காட்சிகள் சேர்த்த நீளமான வடிவம்) அந்தப் பெட்டியில் கிடையாது. அது 2011 ஜூனில் தனிப் பெட்டியாக வந்தது. முதல் பெட்டியை அவசரப்பட்டு வாங்கியவர்களில் பலர் மறுபடியும் பணம் கட்டினார்கள்.

இந்தக் கதை வேறு வேறு படங்களின் பெயரில் திரும்பத் திரும்ப நடக்கிறது. நீளமான வடிவம் மீட்டெடுக்கப்பட்டது, விழாவில் திரையிட்டார்கள் என்று செய்தி வரும். பிறகு டிஸ்க் அறிவிப்பு வரும். பார்த்தால் பழைய குட்டை வடிவமே இருக்கும். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தில் நாம் செய்யும் சில தவறுகளால் பணமும் போகிறது, கேட்பதும் கிடைக்காமல் போகிறது. முக்கால்வாசித் தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான்: எந்தப் பதிப்பு நமக்கு வேண்டும் என்பதில் நாமே தெளிவாக இருப்பதில்லை.

'ரிஸ்டோர்ட்' என்றால் நீளமானது என்று நினைப்பது

அட்டையில் 'புதிய 4கே ரிஸ்டோரேஷன்' என்று போட்டிருந்தால், வெட்டிய காட்சிகள் எல்லாம் திரும்பிவிட்டன என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ரிஸ்டோரேஷன் என்பது இருக்கிற படச்சுருளைத் துடைத்து, ஸ்கேன் செய்து, கீறலையும் நடுக்கத்தையும் நீக்கி, நிறத்தைச் சரிசெய்யும் வேலை. காணாமல் போன காட்சிகளைத் தேடிப்பிடித்து உரிய இடத்தில் சேர்ப்பது வேறு வேலை. சில படங்களுக்கு இரண்டும் சேர்ந்து நடக்கும், பெரும்பாலான படங்களுக்கு முதலாவது மட்டும்தான்.

இதற்கு 'மெட்ரோபொலிஸ்' படத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஃபிரிட்ஸ் லாங் எடுத்த இந்த மௌனப் படம் 1927 ஜனவரியில் பெர்லினில் முழு நீளத்தில் வெளியானது. கொஞ்ச நாளிலேயே கடுமையாக வெட்டிவிட்டார்கள். 2001இல் இதற்கு மிக அழகான ஒரு மீட்டெடுப்பு நடந்தது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் கதையில் ஓட்டைகள் அப்படியே இருந்தன. தொலைந்த பகுதிகளை எழுத்து அட்டைகளை வைத்துத்தான் விளக்கியிருந்தார்கள். அப்புறம் 2008இல், அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் உள்ள திரைப்பட அருங்காட்சியகத்தில், அதுவரை காணாத காட்சிகளோடு ஒரு 16 மி.மீ. நகல் இருப்பது வெளியே தெரிந்தது. அதிலிருந்து ஏறக்குறைய 25 நிமிடங்கள் திரும்பக் கிடைத்தன. அவற்றைச் சேர்த்த வடிவம் 2010 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

ஆக, 2001 வடிவமும் ரிஸ்டோரேஷன், 2010 வடிவமும் ரிஸ்டோரேஷன். அட்டையில் அந்தச் சொல்லை மட்டும் பார்த்து வாங்கினால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. அட்டையின் பின்பக்கத்தில் மீட்டெடுத்த வருடத்தைத் தேடுங்கள்.

இதே படத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. திரும்பக் கிடைத்த காட்சிகள் கோடுகளும் கீறல்களுமாக இருக்கும். 16 மி.மீ.க்கு நகல் எடுத்தபோது ஓரம் வெட்டுப்பட்டதால் அந்தக் காட்சிகள் வரும்போது திரையில் கருப்பு விளிம்பு தெரியும். அதைப் பார்த்துவிட்டு 'டிஸ்க் பழுது' என்று திருப்பி அனுப்புவது சரியல்ல. நீளமான பதிப்பைக் கேட்பவர் அந்தக் கீறலையும் சேர்த்துத்தான் கேட்கிறார்.

நிமிடக் கணக்கை மட்டும் நம்புவது

'பழைய டிவிடியில் 144 நிமிடம், புது ப்ளூ-ரேயில் 150 நிமிடம், ஆறு நிமிடம் புதுசா சேர்த்திருக்காங்க!' பார்க்க நல்ல செய்தி மாதிரிதான் இருக்கும். பெரும்பாலும் அது வெறும் கணக்கு. சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேமில் ஓடுகிறது. ஐரோப்பா உள்ளிட்ட பல இடங்களில் இருந்த 'பால்' தொலைக்காட்சி முறையில் அதை 25 ஃப்ரேமில் ஓட்டினார்கள். அதனால் படம் சுமார் 4 சதவீதம் சுருங்கும். 150 நிமிடப் படம் ஒரு காட்சியும் குறையாமலே 144 நிமிடத்தில் முடிந்துவிடும். இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டு, 'என் டிவிடியில் ஆறு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள்' என்று சண்டை போடுபவர்களும் உண்டு.

வேறு காரணங்களும் இருக்கின்றன. 'ஃபெல்லோஷிப் ஆஃப் தி ரிங்' எக்ஸ்டெண்டெட் பதிப்பு 208 நிமிடம் என்றும் 228 நிமிடம் என்றும் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். வித்தியாசம் சுமார் 20 நிமிடம். அது முழுக்க படத்தின் கடைசியில் ஓடும் ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல்! பழைய பிரம்மாண்டப் படங்களில் தொடக்க இசை, இடைவேளை இசை, வெளியேறும்போது போடும் இசை எல்லாம் நேரத்தில் சேர்ந்தும் வரும், சேராமலும் வரும். மௌனப் படமாக இருந்தால் ஓட்டும் வேகமே ஆளுக்கு ஆள் மாறும்.

நிமிடத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு பதிப்பின் பெயரையும், குறிப்பிட்ட ஒரு காட்சி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

காரணம் பேராசை மட்டும்தான் என்று முடிவு கட்டுவது

இரண்டு முறை விற்கத்தான் செய்கிறார்கள் என்ற சந்தேகம் சில சமயம் சரியாகவே இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே சொன்னால், உண்மையான தடை எது என்று தெரியாமலே போய்விடும்.

'ஒரே டிஸ்க்கில் இரண்டையும் போட்டால் என்ன?' என்று கேட்பார்கள். போட வழி இருக்கிறது. பொதுவான காட்சிகளை ஒரே முறை பதிந்துவிட்டு, கூடுதல் துண்டுகளைத் தனியாக வைத்து, நாம் தேர்ந்தெடுக்கும் பதிப்புக்கு ஏற்றபடி பிளேயரைத் தாவ வைக்கலாம். 2007இல் வந்த 'பிளேட் ரன்னர்' ஐந்து டிஸ்க் பெட்டியில் பழைய வடிவங்கள் மூன்றை இப்படித்தான் ஒரே டிஸ்க்கில் அடக்கினார்கள். ஆனால் இது நடக்க வேண்டுமென்றால் இரண்டு பதிப்பும் ஒரே மாஸ்டரிலிருந்து (டிஸ்க் தயாரிக்க மூலமாக வைக்கும் முதன்மைப் பிரதி) வந்திருக்க வேண்டும். நீளமான பதிப்பை வேறொரு ஆவணக்காப்பகம் வேறு நிறத்தில், வேறு ஸ்கேனில் மீட்டிருந்தால் பொதுவான காட்சிகள்கூட ஒத்துப்போகாது. முழுப் படத்தையும் இரண்டு தடவை பதிய வேண்டியதுதான். சாதாரண இரட்டை அடுக்கு ப்ளூ-ரேயில் 50 ஜிபிதான் இடம். நான்கு மணி நேரப் படம் இரண்டைத் திணித்தால் படத்தின் தரம் அடிவாங்கும். அப்போது இன்னொரு டிஸ்க் வேண்டும், செலவு ஏறும்.

அடுத்தது ஒலி. இதைப் பற்றி ரசிகர்கள் பேசுவதே குறைவு. வெட்டப்பட்ட காட்சியின் படம் கிடைத்தாலும் வசன ஒலி கிடைக்காமல் போகலாம். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 1989இல் மீட்கப்பட்டபோது சில காட்சிகளுக்கு ஒலியே இல்லை. பீட்டர் ஓ'டூலும் அலெக் கின்னஸும் கால் நூற்றாண்டுக்குப் பிறகு வந்து தங்கள் வசனங்களை மறுபடி பேசினார்கள். ஜாக் ஹாக்கின்ஸ் அதற்குள் இறந்துவிட்டதால் அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தின் நீட்டிக்கப்பட்ட ஆங்கில வடிவத்துக்கும் இதே கதைதான்: கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலக்கும் முதிய குரலில் தங்கள் இளமைக்கால வசனத்தைப் பேசியிருப்பார்கள். காதில் கொஞ்சம் உறுத்தும். இதற்கெல்லாம் ஸ்டூடியோ, கலைஞர்கள், பணம் மூன்றும் வேண்டும். டப்பிங் மொழிகளில் நிலைமை இன்னும் மோசம். கூடுதல் காட்சி வரும்போது திடீரென்று மூல மொழிக்குத் தாவிவிடும்.

பிறகு உரிமை. படத்தின் உரிமை ஒருவரிடம், மீட்டெடுப்பு வேலை இன்னொரு அமைப்பிடம், டிஸ்க் வெளியிடும் அனுமதி மூன்றாமவரிடம் என்று பிரிந்து கிடக்கும். விழாவில் திரையிட்டதாலேயே டிஸ்க்கில் போடும் உரிமையும் வந்துவிட்டது என்று பொருளில்லை. ஒரு நாட்டில் கிடைத்த அனுமதி இன்னொரு நாட்டில் செல்லாது. சிறிய டிஸ்க் நிறுவனம் ஒன்று உரிமையாளர் கொடுத்த மாஸ்டரை வைத்துத்தான் வேலை செய்ய முடியும். அங்கே வேலை செய்பவரைத் திட்டுவதால் ஆகப்போவது எதுவும் இல்லை.

நீளமானதே இயக்குநர் விரும்பியது என்று நம்புவது

செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா'வை எடுத்துக்கொண்டால் இது பெருமளவு உண்மை. 1984இல் கான் விழாவில் 229 நிமிடம் ஓடிய படத்தை அமெரிக்காவில் 139 நிமிடமாக வெட்டி, முன்னும் பின்னுமாகச் சொன்ன கதையை வரிசையாக அடுக்கி வெளியிட்டார்கள். அது அநியாயம் என்பதில் இரண்டு கருத்தில்லை. 2012இல் கானில் காட்டிய 251 நிமிட வடிவம் வந்தபோது ரசிகர்கள் துள்ளிக் குதித்ததும் இயல்பே. சேர்த்த காட்சிகளின் படத்தரம் மற்றவற்றைவிட வெளிப்படையாக மட்டம் என்பது வேறு விஷயம்.

ஆனால் ஸ்டான்லி கூப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' வேறு மாதிரி. 1968இல் முதல் காட்சிகள் முடிந்த கையோடு சுமார் 19 நிமிடங்களை வெட்டியவர் கூப்ரிக்கேதான். அதில் 17 நிமிடங்கள் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு உப்புச் சுரங்கக் கிடங்கில் பத்திரமாக இருப்பதாக 2010இல் செய்தி வந்தது. சேர்க்கும் திட்டம் இல்லை என்று ஸ்டூடியோ சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால் அது சரியான முடிவு. தனியாக ஒரு கூடுதல் பகுதியில் காட்டலாமே என்று கேட்பதில் தப்பில்லை. படத்துக்குள் நுழைக்கச் சொல்வதுதான் தப்பு. 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு 2001இல் 'ரிடக்ஸ்' என்ற நீண்ட வடிவத்தைக் கொடுத்த இயக்குநர் கொப்போலாவே 2019இல் அதைவிடக் குட்டையான ஒன்றுக்கு 'ஃபைனல் கட்' என்று பெயர் வைத்தார்.

இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. நீளமான வடிவம் வந்ததும் தியேட்டர் வடிவம் காணாமல் போவதும் உண்டு. 'அமதேயுஸ்' 1984இல் தியேட்டரில் ஓடிய வடிவம் பல வருடம் டிஸ்க்கில் கிடைக்கவில்லை, 2002இல் வந்த 180 நிமிட டைரக்டர்ஸ் கட் (இயக்குநர் பதிப்பு)தான் எங்கும். 'ஸ்டார் வார்ஸ்' முதல் மூன்று படங்களின் மாற்றப்படாத வடிவம் 2006 டிவிடியில் ஒப்புக்கு ஒரு கூடுதல் டிஸ்க்காக, டிவிடிக்கு முந்தைய லேசர்டிஸ்க் என்ற பெரிய வட்டுக்காகச் செய்த பழைய மாஸ்டரிலிருந்து வந்தது. 2011 ப்ளூ-ரே பெட்டியில் அதுவும் இல்லை. ஆகவே புதுசு வந்துவிட்டது என்று பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம். அதில் இருக்கும் வடிவம் வேறெங்கும் இல்லாமல் போகலாம்.

தவறான இடத்தில், தவறான விதத்தில் கேட்பது

டிஸ்க் பிடிக்கவில்லை என்பதற்காகப் படத்துக்கே ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விற்பனைத் தளங்களில் டிவிடி, ப்ளூ-ரே, 4கே எல்லாவற்றின் விமர்சனமும் ஒரே இடத்தில் குவிந்துவிடுவதால், அந்த ஒற்றை நட்சத்திரம் எதைப் பற்றியது என்று யாருக்கும் விளங்காது. 'ஃபுல் வெர்ஷன் போடுங்க' என்று எழுதுவதும் வீண். எந்த முழு வடிவம்? வருடம், மீட்டெடுத்த அமைப்பு, நீளம், விடுபட்ட காட்சி என்று குறிப்பிட்டு, உரிமையாளருக்கும் டிஸ்க் நிறுவனத்துக்கும் எழுதினால் குறைந்தபட்சம் சரியான மேசைக்காவது போய்ச் சேரும். அறிவிப்பு வந்த உடனே எழுதுவது முக்கியம். டிஸ்க் அச்சாகிவிட்டால் எதுவும் மாறாது. கள்ள டிஸ்க்கில் தேடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பழைய டிவிடியைப் பெரிதாக்கி '4கே அன்கட்' என்று விற்பதுதான் அங்கே பெரும்பாலும் கிடைக்கும்.

பொறுத்திருந்தால் சில சமயம் பலன் உண்டு. ஜேம்ஸ் கேமரூனின் 'தி அபிஸ்' ப்ளூ-ரேயிலேயே வராமல் ரசிகர்களைக் காக்க வைத்தது. கடைசியில் 2024 மார்ச்சில் 4கே டிஸ்க்காக வந்தபோது தியேட்டர் வடிவம், நீண்ட சிறப்பு வடிவம் இரண்டுமே இருந்தன. எல்லாப் படத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆர்சன் வெல்ஸின் 'தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்' படத்திலிருந்து வெட்டிய பகுதிகளின் நெகட்டிவை ஸ்டூடியோவே அழித்துவிட்டது. அதை ஏன் டிஸ்க்கில் போடவில்லை என்று கேட்டுப் பயனில்லை.

இப்போது பலரும் எதிர்பார்ப்பது 'ஷோலே'. வெட்டப்படாத வடிவத்தின் மீட்டெடுப்பு 2025 ஜூனில் இத்தாலியின் பொலோன்யாவில் திரையிடப்பட்டது. 1975 தணிக்கையில் மாறிய முடிவு அதில் பழையபடி இருக்கிறது: போலீஸ் வந்து தடுப்பதில்லை, தாக்கூரே கப்பர் சிங்கைக் கொன்றுவிடுகிறார். அந்த மீட்டெடுப்புக்கு டிஸ்க் அறிவிப்பு வரும்போது முடிவு எது என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய டிவிடிகள் சிலவற்றிலும் அதே முடிவு சுமாரான படத்தரத்தில் வந்திருக்கிறது. முடிவையும் பாருங்கள், மீட்டெடுத்த வருடத்தையும் பாருங்கள், அதை மீட்டெடுத்த அமைப்பான ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றும் இருந்தால் வாங்கலாம்.