பழைய கார் ரூஃப்ல மழைத்தண்ணி ஒழுகினா பண்ணக்கூடாத தப்புங்க

ராத்திரி பூரா மழை பெஞ்சு ஓஞ்ச மறுநாள் காலைல கார் கதவைத் தொறக்கறீங்க, உள்ள ஒரு ஈர வாடை, சீட்டுல கைய வெச்சா சில்லுனு இருக்கு, அண்ணாந்து பாத்தா ரூஃப் துணியில மஞ்சளா வட்டமா ஒரு கறை. பழைய வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு இது பழகின காட்சிதான். உடனே என்ன பண்ணுவோம், ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி கறைக்கு நேர் மேல வெளிப்பக்கம் எங்கெல்லாம் இடுக்கு தெரியுதோ அங்கெல்லாம் அப்பிடுவோம். தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. தண்ணி எந்த வழியா வருதுன்னு கண்ணால பாக்காம எதையும் அடைக்கக்கூடாது.

ஏன்னா சொட்டற இடமும் உள்ள நுழையற இடமும் பெரும்பாலும் ஒண்ணா இருக்காது. மேல இருக்கற தகரத்துல ஒரு சின்ன ஓட்டை வழியா தண்ணி இறங்கினா அது அப்படியே நேரா கீழ விழறதில்ல, தகரத்தோட அடிப்பக்கத்தை ஒட்டிக்கிட்டே சரிவு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் ஓடும், குறுக்க ஒரு சட்டமோ ஒயரோ வந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு போகும், கடைசில எங்க தாழ்வா இருக்கோ அங்கதான் சொட்டும். என் வண்டியில முன்னாடி ரீடிங் லைட் வழியா சொட்டுச்சு. முன் கண்ணாடி மேல் ஓரம்தான்னு முடிவு பண்ணி ரெண்டு தடவ சீலன்ட் போட்டேன், ரெண்டு தடவயும் அடுத்த மழைல அதே லைட்டு அதே சொட்டு. கடைசில ரூஃப் லைனிங்கை, அதாவது தகரத்துக்கு அடியில இருக்கற துணி ஒட்டின அட்டையை, இறக்கிப் பாத்தப்போதான் தெரிஞ்சுது, பின்னாடி இருக்கற ஆன்டெனா ஒயர் மேல பழுப்பு நிறத்துல கோடு மாதிரி ஒரு தடம், அது லைட்டு வரைக்கும் வந்திருந்துச்சு. ஆன்டெனா அடியில இருக்கற ரப்பர் காஞ்சு கல்லு மாதிரி ஆயி விரலால அமுக்கினா பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. வண்டிய எப்பவும் மூக்கு தாழ்ந்த மாதிரி சரிவுல நிறுத்துவேன், அதனால பின்னாடி நுழைஞ்ச தண்ணி முன்னாடி வந்து விழுந்திருக்கு. அந்த ஒரு சின்ன ரப்பர் மாத்தினதோட ஒழுகல் நின்னுச்சு.

அதனால முதல்ல கவனிக்க வேண்டியது, எப்போ சொட்டுதுன்னு. நிறுத்தி வெச்சிருக்கும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, வளைவுல திரும்பும்போதா? பிரேக் அடிக்கும்போது மட்டும் முன்னாடி சொட்டுதுன்னா ரூஃபுக்கும் லைனிங்குக்கும் நடுவுல எங்கயோ தண்ணி தேங்கி நிக்குதுன்னு அர்த்தம்.

தண்ணி ஊத்திப் பாக்கறதுலயும் நிறைய பேர் தப்பு பண்றாங்க. வாட்டர் சர்வீஸ் பண்ற ஹை பிரஷர் கன்னை எடுத்து அடிச்சா நல்லா இருக்கற ரப்பர் வழியா கூட தண்ணி உள்ள போயிடும், அப்புறம் இல்லாத ஓட்டையைத் தேடிக்கிட்டு இருப்பீங்க. சாதாரண ஹோஸ் பைப், முனையில எதுவும் மாட்டாம, மெதுவா வழியற மாதிரி விட்டா போதும். கீழேர்ந்து மேல போகணும். மேல முதல்ல ஊத்திட்டா கீழ இருக்கற ஜாயின்ட், கண்ணாடி ஓரம், கதவு ரப்பர் எல்லாமே நனைஞ்சிடும், எது வழியா வந்துச்சுன்னு சொல்லவே முடியாது. முதல்ல கதவு ஓரம், அப்புறம் கண்ணாடி கீழ் ஓரம், பக்க ஓரம், மேல் ஓரம், அதுக்கப்புறம் ரூஃப் ஜாயின்ட், கடைசில ஆன்டெனாவும் ரூஃப் ரெயிலும். ஒவ்வொரு இடத்துலயும் 5 லேர்ந்து 10 நிமிஷமாவது விடணும், ஏன்னா சில கசிவு உள்ள வந்து கண்ணுல பட நேரம் ஆகும், அவசரப்பட்டு அடுத்த இடத்துக்குப் போனீங்கன்னா பழைய இடத்துத் தண்ணி இப்போ சொட்டும், பழி புது இடத்து மேல விழும். உள்ள ஒருத்தர் டார்ச்சோட உக்காந்து பாக்கணும், சந்தேகமான இடத்துல டிஷ்யூ பேப்பர் ஒட்டி வெச்சா முதல் ஈரம் எங்க படுதுன்னு பளிச்சுன்னு தெரியும்.

லைனிங்கை இறக்காமலே கண்டுபிடிக்கலாம்னு பிடிவாதம் பிடிக்காதீங்க. கைப்பிடி, சன்வைசர், லைட் எல்லாம் கழட்டினா ஓரளவு இறங்கும், ஆனா மடக்கிடாதீங்க, ஒரு தடவ மடிப்பு விழுந்தா அது போகவே போகாது. பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் (மோதினா ரூஃப் ஓரத்துலேர்ந்து விரியற பை) இருக்கற வண்டின்னா பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டிட்டு சர்வீஸ் மேனுவல்ல சொல்லியிருக்கற நேரம் காத்திருந்துட்டுதான் பில்லர் கவர்ல, அதாவது ரூஃபைத் தாங்கற தூண் மேல இருக்கற மூடியில, கை வைக்கணும். இதுல விளையாட்டு வேண்டாம்.

இப்போ சன்ரூஃப். சன்ரூஃப் இருக்கற வண்டியில ஒழுகினா எல்லாரும் அந்தக் கண்ணாடிய சுத்தி இருக்கற ரப்பரைத்தான் சந்தேகப்படுவாங்க, சிலர் சுத்தி சிலிக்கான் போட்டு நிரந்தரமா மூடியே விட்டுடறாங்க. அந்த ரப்பர் முழுசா தண்ணிய நிறுத்தணும்னு வடிவமைக்கப்பட்டதே இல்ல. கொஞ்சம் தண்ணி உள்ள வரும், அது கண்ணாடிக்கு அடியில இருக்கற தட்டுல விழும், தட்டோட மூலைகள்ல இருக்கற ட்யூப் வழியா பில்லருக்குள்ள இறங்கி வண்டிக்கு அடியில வெளிய போயிடும். பெரும்பாலான வண்டியில நாலு மூலைக்கு நாலு ட்யூப். இலைத்தூசும் மண்ணும் சேர்ந்து ட்யூப் அடைச்சா தட்டு நிரம்பி வழிஞ்சு லைனிங் மேல விழுது, அவ்வளவுதான். சன்ரூஃபைத் தொறந்து ஒவ்வொரு மூலையிலயும் ஒரு சின்ன டம்ளர் தண்ணி மெதுவா ஊத்தி, அந்தப் பக்கத்து சக்கரத்துக்கிட்டயோ கதவு கீல்கிட்டயோ கீழ வருதான்னு பாருங்க. வராம தட்டுலயே நின்னா அடைப்பு. கீழயும் வரல, தட்டுலயும் நிக்கலைன்னா ட்யூப் உள்ள எங்கயோ கழண்டிருக்கு, அதுதான் மோசம். அடைப்பு எடுக்க கம்ப்ரெஸ்ஸர் காத்தை முழு பிரஷர்ல அடிக்காதீங்க, பழைய ட்யூப் தட்டுல மாட்டியிருக்கற நிப்பிள்லேர்ந்து பிடுங்கிக்கிட்டு போயிடும், இரும்புக் கம்பி விட்டா ட்யூபையே கிழிச்சிடும். புல் வெட்டற மெஷின்ல போடற நைலான் நரம்பு இருக்கே, அதை மெதுவா சுழட்டி சுழட்டி விட்டா போதும்.

சிலிக்கான் மேல எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு சொல்லிடறேன். வினிகர் மாதிரி நெடி அடிக்கற சிலிக்கான் காயும்போது அசிட்டிக் ஆசிட் விடும், வெறும் தகரம் மேல பட்டா துரு பிடிக்கறதுக்கு அதுவே வழி. அது மேல பெயின்ட் ஒட்டாது, சுரண்டி எடுத்தாலும் ஒரு படலம் விட்டுட்டு போகும், அடுத்து போடற சரியான சீலன்ட்டும் பிடிக்காது. இன்னொண்ணு, தெரியாம தண்ணி வெளிய போற வழியையும் சேர்த்து அடைச்சிடறோம், அப்போ உள்ள வந்தது உள்ளயே நிக்கும்.

ரூஃபோட ரெண்டு பக்கமும் நீளமா கருப்பு ரப்பர் பட்டை ஓடுதே, அதுக்கு அடியில பாத்திருக்கீங்களா? ரூஃப் தகரமும் பக்கத் தகரமும் ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு ஸ்பாட் வெல்டிங் பண்ணியிருப்பாங்க, அந்த ஜாயின்ட்டை சீலன்ட்டால மூடியிருப்பாங்க. வருஷக்கணக்கா வெயில்ல கிடந்து அது காஞ்ச குளத்து மண்ணு மாதிரி வெடிச்சு நிக்கும், முடி அளவு வெடிப்பு போதும் தண்ணிக்கு. இதுக்கு மேலயே புதுசா பூசறது பெரிய தப்பு, பழசுக்கு அடியில இருக்கற துரு தொடர்ந்து தின்னுக்கிட்டே இருக்கும். பழசை முழுசா சுரண்டி, தகரம் பளபளன்னு தெரியற வரைக்கும் தேச்சு, எப்பாக்ஸி பிரைமர் அடிச்சு, காஞ்சப்புறம் பாலியூரிதேன் சீம் சீலர் (தகர ஜாயின்ட்டுக்குன்னே வர்ற சீலன்ட்) போட்டு, அது மேல பெயின்ட். தகரம் ஓட்டையாவே ஆயிருந்தா சீலன்ட் வேலைக்கு ஆகாது, வெல்டிங்தான். முன் கண்ணாடி ஓரத்துத் துருவும் இதே கதைதான், கண்ணாடிய எடுத்துட்டு துருவை சரி பண்ணிட்டு மறுபடி ஒட்டணும், வெளியேர்ந்து பூசி ஏமாத்த முடியாது.

கதவு பீடிங்குக்கு, அதாவது கதவைச் சுத்தி ஓடற ரப்பருக்கு, சுலபமான சோதனை, ஒரு காகிதத்தை வெச்சு கதவை மூடி இழுங்க, ஒரு இடத்துல இறுக்கமா வந்து இன்னொரு இடத்துல சரக்குன்னு உருவிக்கிட்டு வந்தா அங்க பிடிமானம் போச்சு. பீடிங் மாத்தறதுக்கு முன்னாடி கதவு கீல் தொங்கியிருக்கான்னும் பாத்துடுங்க.

தரையில மட்டும் ஈரம்னா ரூஃபை பிரிக்க அவசரப்படாதீங்க. மழையே இல்லாத நாள்ல ஏசி போட்டா நனையுதுன்னா அது ஏசி தண்ணி வெளிய போற குழாய் அடைப்பு. பிசுபிசுன்னு இனிப்பு வாடையோட இருந்தா ஹீட்டர்லேர்ந்து வர்ற கூலன்ட். வைப்பருக்கு அடியில இலை குப்பை அடைச்சிருந்தா மழைத்தண்ணி ப்ளோயர் வழியாவும் உள்ள வரும்.

ஒழுகல் நின்னதும் கார்ப்பெட் மேல தொட்டுப் பாத்துட்டு காஞ்சிடுச்சுன்னு விட்டுடறது இன்னொரு தப்பு. அதுக்கு அடியில இருக்கற ஸ்பாஞ்ச் வாரக்கணக்குல தண்ணிய பிடிச்சு வெச்சிருக்கும், சீட்டுக்கு அடியில போற கனெக்டர்ல பச்சை பூக்கறது, தரைத் தகரம் துரு பிடிக்கறது எல்லாம் அங்கேர்ந்துதான். கார்ப்பெட்டைத் தூக்கி ஃபேன் போட்டு ஸ்பாஞ்சை அமுக்கினா ஈரம் வராத வரைக்கும் காய வைங்க. லைனிங்கை மட்டும் உடனே மாட்டிடாதீங்க, ரெண்டு நல்ல மழை போகட்டும், ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் டார்ச் அடிச்சு தகரத்தோட அடிப்பக்கத்தை விரலால தடவிப் பாத்துட்டு மாட்டுங்க.