பார்க்கின்சன் நோயில் முகபாவம் குறையும்போது வீட்டார் செய்ய வேண்டியவை

பார்க்கின்சன் நோய் என்றதும் கை நடுக்கம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவதும் அதே நோயின் அறிகுறி என்பதை வீட்டார் பெரும்பாலும் அறிவதில்லை. மூளையில், அசைவுகளுக்கு உதவும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் உடலின் அசைவுகள் சுருங்கி மெதுவாகின்றன. முகத் தசைகளும் அதற்கு விலக்கல்ல. மகிழ்ச்சியும் வருத்தமும் உள்ளே இருந்தாலும் முகத்தில் தெரிவதில்லை.

சேலம் அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டில், பள்ளியில் வாங்கிய பரிசைப் பேத்தி நீட்டும்போது தாத்தாவின் முகம் அசையவில்லை என்றால், தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை என்று எண்ணி அந்தப் பிள்ளை ஒதுங்கிப் போய்விடும். இந்த விலகலைத்தான் முதலில் தடுக்க வேண்டும். முகத்தைப் பார்த்து முடிவு கட்டாமல், "அப்பா, இப்ப மனசுக்கு எப்படி இருக்குதுங்க?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், பதில் வரச் சற்று நேரமானாலும் குறுக்கிடாமல் காத்திருங்கள். பெரியவரும் "எனக்கு ரொம்பச் சந்தோஷம் கண்ணு" என்று சொல்லிக் காட்டப் பழக வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த நோயைப் பற்றி எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது.

தானாக மலரும் சிரிப்புதான் அதிகம் குறைகிறது; முயன்று சிரிப்பது பலருக்கு ஓரளவு கைவசம் இருக்கிறது. முகப் பயிற்சிக்கு இதுவே ஆதாரம். இந்நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் கண்ணாடி முன் அமர்ந்து, புருவத்தை உயர்த்துவது, கண்ணை இறுக மூடித் திறப்பது, பல் தெரியச் சிரிப்பது, கன்னத்தை உப்புவது ஆகியவற்றைச் சில நொடிகள் நிறுத்தி நிறுத்திச் செய்யலாம். அசைவு மிகைபோலத் தோன்றும் அளவுக்குச் செய்ய வேண்டும், ஏனெனில் அவர் போதும் என்று நினைக்கும் அசைவு பார்ப்பவருக்குச் சிறிதாகவே தெரியும். குரலும் தணிந்துவிடுவதால், நாளிதழை உரக்கப் படிப்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண் சிமிட்டுவதும் குறைவதால் கண் உலர்ந்து எரியும். ஏற்காட்டின் குளிர்காற்றில் வெளியே அமர்ந்திருப்பவருக்கு, அவ்வப்போது சிமிட்டும்படி நினைவூட்டுங்கள்.

இந்நோயில் மனச்சோர்வும் பலருக்கு உண்மையாகவே வருகிறது. முகத்தை மட்டும் பார்த்து அதை உண்டென்றோ இல்லையென்றோ சொல்ல முடியாது. தூக்கம், பசி, பிடித்தவற்றில் ஆர்வம் ஆகியவை குறைந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் காட்டுங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு போன்றவை இந்த அறிகுறிகளைக் கூட்டக்கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் திடீரெனக் கோணினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் இறங்க வேண்டியிருப்பதால், விடியட்டும் என்று ஒருபோதும் காத்திருக்கக் கூடாது.