சாக்லேட்டும் பழமும்: ஓவன் இல்லாமல் செய்யும் இனிப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாக்லேட்டில் முக்கி எடுத்த வாழைப்பழத் துண்டும், மாம்பழக் கூழ் கலந்து பிடித்த உருண்டையும், பிஸ்கட் தளத்தின் மேல் குளிர்ந்து இறுகிய அன்னாசிப் புட்டிங்கும் ஓவன் இல்லாத நம் வீடுகளுக்கென்றே அமைந்தவைபோலத் தோன்றும். ‘பத்தே நிமிடத்தில் செய்யலாம்’ என்று எவரோ சொல்லக் கேட்டு இறங்குபவர்களில் பலர், முதல் முயற்சியிலேயே நூறு, இருநூறு ரூபாய்ச் சாக்லேட்டைப் பாழாக்கிவிட்டுக் கைகழுவுகிறார்கள். குற்றம் கைப்பக்குவத்தில் இருப்பதில்லை. சாக்லேட்டில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குத்தான் நீர் உண்டு. அன்னாசியிலோ நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் நீர்தான். மாம்பழமும் பப்பாளியும் ஏறத்தாழ அப்படியே. நீரைக் கண்டாலே ஒதுங்கும் பொருளையும் நீராலேயே ஆன பொருளையும் ஒரே கவளத்தில் சேர்க்க முயல்கிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இனி வரும் தவறுகளில் பெரும்பாலானவை ஏன் நேர்கின்றன என்பது விளங்கிவிடும்.

நான் செய்த முதல் தவறிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு மே மாத மாலையில், அன்னாசியை வெட்டிய கையோடு துண்டுகளை உருகிய சாக்லேட்டில் முக்கி எடுக்கத் தொடங்கினேன். முதல் துண்டு அழகாக வந்தது. நான்காவது துண்டை முக்கும்போது கிண்ணத்தில் இருந்தது சாக்லேட் அல்ல, களிமண். சர்க்கரையும் கோகோவும் மிக நுண்ணிய துகள்களாகக் கொழுப்பில் மிதப்பதுதான் உருகிய சாக்லேட். அதில் நாலைந்து சொட்டு நீர் விழுந்தாலும் போதும், சர்க்கரைத் துகள்களின் மேற்பரப்பு ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வழவழப்பாக இருந்தது நொடியில் திரண்டு சொரசொரப்பாகிவிடும். அரிசி மாவில் சிறிது நீர் தெளித்தால் பிசிறிக் கட்டி கட்டியாகத் திரள்வதும், அதே மாவில் ஒரு டம்ளர் நீரை ஊற்றினால் கட்டியின்றிக் கரைந்துவிடுவதும் நமக்குத் தெரிந்தவையே. சாக்லேட்டும் ஏறக்குறைய அவ்வாறே நடந்துகொள்கிறது. ஆகவே திரண்டுபோன சாக்லேட்டைத் தூக்கி எறியும் தவறைச் செய்ய வேண்டாம். 100 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டியளவு சூடான பாலையோ நீரையோ ஊற்றிக் கலக்கினால், அது மீண்டும் குழைந்து நல்ல குழம்பாக வந்துவிடும். பழத்துண்டுகளை முக்கி எடுத்துக் கெட்டிப்படுத்த அது இனி உதவாது. புட்டிங்கின் மேல் ஊற்றவோ ஐஸ்கிரீமுக்குத் துணையாகவோ தாராளமாக உதவும்.

எனவே முக்குவதற்கென வெட்டிய பழத்தை உடனே பயன்படுத்தக் கூடாது. துண்டுகளைச் சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் அரைமணி நேரம் விட்டால் மேற்பரப்பு ஈரம் பெரும்பாலும் போய்விடும். அன்னாசி, பப்பாளி போன்றவை அதன் பிறகும் கசிந்துகொண்டே இருக்கும். அவற்றை முழுவதும் முக்காமல் பாதி மட்டும் முக்குவதும், கிண்ணத்துச் சாக்லேட்டைச் சிறு சிறு பகுதிகளாக எடுத்துப் பயன்படுத்துவதும் நல்லது. ஒரு பகுதி கெட்டாலும் மற்றது தப்பும். வாழைப்பழம், பலாச்சுளை, தேங்காய்ப் பத்தை ஆகியவை இந்த வேலைக்கு இயல்பாகவே ஒத்துவருகின்றன. உலர்ந்த பழம் இன்னும் எளிது. மாம்பழக் கூழைத் தட்டில் படலம் படலமாக ஊற்றி வெயிலில் காயவைத்து எடுக்கும் தகட்டைக் கீற்றுகளாக நறுக்கிக் கறுப்புச் சாக்லேட்டில் முக்கியவர்கள், புதுப் பழத்தோடு மல்லுக்கட்டப் பின்னர் அவ்வளவாக விரும்புவதில்லை.

வாழைப்பழத்தை ஃப்ரீசரில் உறைய வைத்து முக்குவோர் ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள். இரவு முழுவதும் ஃப்ரீசரில் கிடந்த துண்டின் மேல் வெள்ளைப் பூப்போலப் படிந்திருப்பது பனி, அதுவும் நீர்தான். இரண்டு மணி நேர உறைநிலையே போதும். துண்டுகளை மூடிய டப்பாவில் வைத்து எடுத்து, பனி இருந்தால் துடைத்துவிட்டு முக்க வேண்டும்.

இனி உருக்கும் முறை. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்குவது நல்ல முறைதான். ஆனால் கிண்ணத்தின் அடி நீரைத் தொடக் கூடாது, நீர் தளதளவென்று கொதிக்கவும் கூடாது, மேலே மூடி போடவே கூடாது. மூடியில் ஆவி படிந்து சொட்டும். அந்தச் சொட்டு என்ன செய்யும் என்பதை மேலே கண்டோம். ஈரக் கரண்டியும், கழுவித் துடைக்காத அச்சும் இதே கதைதான். மைக்ரோவேவில் உருக்குவோர் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார்கள். சாக்லேட் வடிவம் மாறாமலேயே உள்ளே கருகிவிடும் என்பதால், அரை வேகத்தில் 20 அல்லது 30 விநாடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறுவதே பாதுகாப்பு. கறுப்புச் சாக்லேட்டுக்கு 50 டிகிரி செல்சியசைத் தாண்டத் தேவையில்லை. பால் சேர்ந்தவையும் வெள்ளைச் சாக்லேட்டும் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே கெட்டுவிடும்.

அடுத்ததுதான் நம் ஊர்க்காரர்களை மிகவும் ஏமாற்றுவது. வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘அறை வெப்பத்தில் இறுக விடுங்கள்’ என்று எழுதியிருக்கும். எழுதியவரின் அறை 20 டிகிரி. சென்னையிலும் மதுரையிலும் கோடையில் அது 35 டிகிரி. சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாம் வகைதான் பளபளப்பையும், ஒடிக்கும்போது ‘டக்’கென்ற ஓசையையும் தருவது, அது உருகுவதோ ஏறத்தாழ 34 டிகிரியில். நாவில் வைத்ததும் கரைவதன் இரகசியமும் அதுவே, நம் ஊர் வெயிலில் மேசை மேலேயே வழிந்துவிடுவதன் காரணமும் அதுவே. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டுச் சாக்லேட் ஒரு தொழிலாகவே வேரூன்றியதில் அந்த மலைகளின் குளிருக்கும் பங்குண்டு.

இந்த ஐந்தாம் வகைப் படிகத்தை முறையாக வரவழைப்பதைத்தான் டெம்பரிங் என்கிறார்கள். கறுப்புச் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரிவரை உருக்கி, 27 அல்லது 28 டிகிரிக்குக் குளிரவிட்டு, மீண்டும் 31 அல்லது 32 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். எளிய வழி, மொத்தச் சாக்லேட்டில் நான்கில் ஒரு பங்கைப் பொடியாக நறுக்கித் தனியே வைத்துக்கொண்டு, மீதியை உருக்கிய பின் அதை அள்ளிப் போட்டுக் கிளறுவது. உருகாத துண்டுகளில் உள்ள நல்ல படிகங்கள் விதைபோல மற்றதையும் தம் வழிக்கு இழுக்கும். அறையே 33 டிகிரியில் இருக்கும்போது சாக்லேட் எப்படி 27 டிகிரிக்கு இறங்கும்? ஏசி உள்ள அறையில் செய்யுங்கள். அது இல்லையென்றால் மார்கழிவரை பொறுத்திருங்கள். இரண்டும் முடியாதபோது காம்பவுண்டு சாக்லேட்டை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் டெம்பரிங் தேவைப்படாது, உருக்கி ஊற்றினால் தானே இறுகும். சுவை ஒரு படி குறைவு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டையும் சரிபாதியாகக் கலந்து நடுவழி காண்பதுதான் செய்யக் கூடாதது. இரு கொழுப்புகளும் ஒத்துப்போகாமல், மெத்தென்று இறுகி, சில நாளில் சாம்பல் பூத்துவிடும்.

தேங்காய் எண்ணெய் பற்றியும் ஒரு சொல். சாக்லேட்டை இளக்க அதைச் சேர்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் அது 24 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், 200 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் ஃப்ரீசரிலிருந்து எடுத்து உடனே தின்னும் வாழைப்பழத்துக்குப் பொருந்தும், தட்டில் அடுக்கி விருந்தினருக்காகக் காத்திருக்கும் உருண்டைக்குப் பொருந்தாது.

உறைய வைக்கும் புட்டிங், ஜெல்லி வகைகளுக்கு வருவோம். ‘வேகவைக்காத பச்சை அன்னாசியைப் போட்டேன், இரவு முழுக்க பிரிட்ஜில் வைத்தும் இறுகவேயில்லை’ என்பது நான் மிகுதியாகக் கேட்ட புலம்பல். அவர்கள் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்திருப்பார்கள். தவறு அளவில் இல்லை. ஜெல்லியை இறுக வைக்கும் ஜெலட்டின், விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் புரதம். அன்னாசியில் உள்ள புரோமெலைன், பப்பாளியில் உள்ள பப்பைன் ஆகிய நொதிகள் புரதத்தைச் சிதைப்பவை. முற்றிய ஆட்டிறைச்சி சீக்கிரம் வேக வேண்டும் என்று பப்பாளிக்காயை அரைத்துப் பிசைந்து ஊறவைக்கும் வழக்கத்தில் இறைச்சிக்கு நேர்வது எதுவோ, அதுவே உங்கள் ஜெல்லிக்கும் நேர்கிறது. பப்பாளி பழுக்கப் பழுக்க அந்த வீரியம் குறையும் என்றாலும் அதை நம்பி இறங்க வேண்டாம். கிவிப் பழமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. பழத்தைச் சிறிது சர்க்கரையோடு சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும்; டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டதால் அதை அப்படியே சேர்க்கலாம். ‘சுடாத’ இனிப்பு என்பதனால் அடுப்பையே பற்றவைக்கக் கூடாது என்று எண்ணிக்கொள்வதுதான் இங்கே தடுக்கி விழும் இடம்.

அதே நொதிகள் பால் புரதத்தையும் விட்டுவைப்பதில்லை. வேகவைக்காத அன்னாசியோ பப்பாளியோ கலந்த க்ரீமும் கண்டென்ஸ்டு மில்க்கும் செய்த உடனே நன்றாக இருந்து, மறுநாள் காலையில் கசப்பது இதனால்தான். பால் கெட்டுவிட்டதாகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், நம் தட்பவெப்பத்துக்கு ஜெலட்டினைவிடக் கடல்பாசியே தகுந்தது. நோன்புக் காலத்தில் இஸ்லாமியர் வீடுகளில் பாலோடும் ரோஸ் நிறத்தோடும் தட்டில் ஊற்றித் துண்டு போடுவார்களே, அதுதான். கடைகளில் சைனா கிராஸ் என்றும் அகர் அகர் என்றும் கிடைக்கும். மன்னார் வளைகுடாக் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகர் தருவதே. இது புரதமன்று, ஒருவகை மாவுச்சத்து; ஆகவே அன்னாசியின் நொதி இதை ஒன்றும் செய்யாது. ஜெலட்டின் ஜெல்லி நம் கோடையில் தட்டிலேயே இளகிவிடும். கடல்பாசியோ ஒருமுறை இறுகிவிட்டால் 85 டிகிரிவரை தாங்கும். இதிலும் இரண்டு தவறுகள் உண்டு. வெந்நீரில் கலக்கினால் போதும் என்று நினைப்பது ஒன்று. அது முழுமையாகக் கரையும்வரை இரண்டு மூன்று நிமிடமாவது கொதிக்க வேண்டும். மற்றது, புளிப்புச் சாற்றையும் சேர்த்துக் கொதிக்க விடுவது. அமிலத்தோடு வெந்தால் கடல்பாசியின் பிடிமானம் தளர்ந்துவிடும். நீரில் அல்லது பாலில் தனியே காய்ச்சி, இறக்கிய பின் பழச்சாற்றை ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றும் சாறு பிரிட்ஜிலிருந்து நேரே வந்ததாக இருந்தால், கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே வந்ததுமே இறுகத் தொடங்கும் இயல்புடையது என்பதால், கலப்பதற்குள் இழை இழையாகத் திரிந்துவிடும்.

மாம்பழச் சாக்லேட் உருண்டை செய்ய முனைவோர் கூழை நேரே சாக்லேட்டில் ஊற்றிவிட்டு, உருட்ட வராமல் திண்டாடுகிறார்கள். இதற்கு நாரில்லாத பங்கனபள்ளி, இமாம் பசந்து போன்றவையே நல்லவை. கூழை அடிகனத்த பாத்திரத்தில் பாதியாகச் சுண்டும்வரை கிளறி, வெதுவெதுப்பாக இருக்கும்போது, 200 கிராம் சாக்லேட்டுக்கு 80 முதல் 100 கிராம் என்ற அளவில் சேர்க்க வேண்டும். வெள்ளைச் சாக்லேட் இளகிய தன்மையுடையது. அதற்குக் கூழ் இன்னும் குறைய வேண்டும். 70 விழுக்காடு கோகோ உள்ள மிகக் கசப்பான சாக்லேட் மாம்பழத்தின் மணத்தை விழுங்கிவிடும் என்பது என் எண்ணம். அதைத் தேங்காய்க்கும் வாழைக்கும் விட்டுவிட்டு, மாம்பழத்துக்குப் பால் சாக்லேட்டைக் கொடுக்கலாம். இனிப்பின் அளவைச் சூடாக இருக்கும்போது ருசித்து முடிவுசெய்யாதீர்கள். குளிர்ந்தபின் இனிப்பு மங்கித் தெரியும்; ஒரு கரண்டி எடுத்து ஃப்ரீசரில் ஐந்து நிமிடம் வைத்து ருசி பாருங்கள்.

க்ரீம் வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். ஃப்ரெஷ் க்ரீம் என்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் 25 விழுக்காடுதான் கொழுப்பு. அதை மணிக்கணக்கில் அடித்தாலும் நுரைத்து நிற்காது. நுரைக்க 30 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். பிஸ்கட் தளத்துக்கு 200 கிராம் மாரி பிஸ்கட்டுக்கு 100 கிராம் வெண்ணெய் போதும். அதன் மேல் உருகிய சாக்லேட்டை மெல்லியதாகப் பூசி இறுகவிட்ட பிறகே பழக்கலவையை ஊற்றினால், தளம் ஊறிக் குழையாது.

செய்து முடித்தபின் வரும் தவறு, பிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே டப்பாவைத் திறப்பது. சென்னை போன்ற கடற்கரை ஊரின் ஈரக்காற்று குளிர்ந்த சாக்லேட்டின் மேல் பட்டவுடன் வியர்வைபோல நீர் கோத்துக்கொள்ளும். அது சர்க்கரையைக் கரைத்து, காயும்போது சொரசொரப்பான வெள்ளைப் படலத்தை விட்டுச்செல்லும். மூடிய டப்பாவை அப்படியே அரைமணி நேரம் வெளியே வைத்தால் நீர் டப்பாவின் மேல் கோக்கும், உள்ளே இருப்பது தப்பிக்கும்.

வேகவைக்காத புதுப் பழத்தை முக்கிச் செய்தவற்றை அன்றே தின்றுவிட வேண்டும். சுண்டிய கூழில் பிடித்த உருண்டைகளுக்கு பிரிட்ஜில் மூன்று நாள் தருவேன். புதுத் தேங்காய்த் துருவல் சேர்த்திருந்தால் இரண்டு. நான்காம் நாள் திறக்கும்போது கள் வாசனை அடித்தால், எவ்வளவு விலையுயர்ந்த சாக்லேட்டாக இருந்தாலும் அதன் இடம் குப்பைக்கூடைதான்.