டெக்சஸ் வர்ற மன்னார்குடி தம்பிங்களுக்கு, ஆஸ்பத்திரி விஷயம்

லீவுல ஊருக்கு வந்திருக்கேன், எங்க தெருவுல ரெண்டு பசங்களுக்கு விசா வந்துருச்சு, அண்ணே என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு கேட்டானுங்க. புளி வத்தல்லாம் அங்கயே கிடைக்கும்டா, இதைக் கேட்டுக்குங்கன்னு சொன்னதுதான் இது.

கம்பெனி இன்ஷூரன்ஸ்ல சேர, வேலைல சேர்ந்ததுலேர்ந்து பெரும்பாலும் முப்பது நாள்தான் டைம், உடனே போட்டுருங்க. கார்டை போட்டோ எடுத்து வச்சுக்குங்க, நெட்வொர்க்குல, அதாவது உங்க இன்ஷூரன்ஸோட ஒப்பந்தத்துல இருக்குற டாக்டர் ஒருத்தரை உடம்பு நல்லா இருக்கும்போதே பிடிச்சு வைங்க. அவ்ளோதான்.

இப்ப நான் மாட்டுன கதை. ஞாயித்துக்கிழமை ராத்திரி பாப்பாவுக்கு 103 ஜுரம். நம்ம ஊர்னா பந்தலடி பக்கம் டோக்கன் போட்டு, ஊசி போட்டு, இருநூறு முந்நூறுல முடிஞ்சிருக்கும். அங்க மளிகைக் கடைக்குப் பக்கத்துல பளபளன்னு ஒரு பில்டிங், செவப்பு லைட்டுல எமர்ஜென்சின்னு போர்டு, கிளினிக்குன்னு நெனச்சு நுழைஞ்சுட்டேன். உள்ள மீன் தொட்டி, காபி மெஷின், காத்திருக்க ஒரு ஆள் இல்ல, அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். இன்ஷூரன்ஸ் எடுப்பீங்களான்னேன், எல்லாம் எடுப்போம்னுச்சு அந்தப் பொண்ணு. தொண்டைல பஞ்சு விட்டு ஒரு டெஸ்ட், ஒரு மூடி ஜுர மருந்து. பில்லு 2,140 டாலர்!

எடுப்போம்னா இன்ஷூரன்ஸ்காரன் காசு கட்டுவான்னு அர்த்தமில்ல. டிடக்டபிள்னு ஒண்ணு இருக்கு, எனக்கு 3,000 டாலர், அது தீர்ற வரைக்கும் நம்ம பாக்கெட்டுதான். நான் நுழைஞ்சது ஆஸ்பத்திரி எமர்ஜென்சி ரேட்டு வாங்குற இடம்னு சுவத்துலயே நோட்டீஸ் இருந்துச்சு, வெளிய வரும்போதுதான் கண்ணுல பட்டுச்சு. இதே வைத்தியம் அர்ஜென்ட் கேர்ல, அதாவது ஜுரம் மாதிரி சின்ன அவசரத்துக்குப் போற கிளினிக்ல, எரநூறு டாலருக்குள்ள முடிஞ்சிருக்கும், ஆனா அது ராத்திரி எட்டு ஒம்பதுக்கெல்லாம் சாத்திருவானுங்க, சாயங்காலமே கெளம்பிருங்க. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல்னா மட்டும் காசு கணக்கே பாக்காதீங்க, நேரா 911க்கு போன் போடுங்க.

நம்ம நாட்டுல ஒரு ஆளுக்கு வருஷ மருத்துவச் செலவு 2021-22 அரசு கணக்குப்படி 6,602 ரூபாய். அமெரிக்கால 2023ல 14,570 டாலர். இவ்ளோ செலவழிக்கிறானுங்களே, ராஜ வைத்தியமா இருக்கும்னு நானும் நெனச்சேன். ஜப்பான்காரன் வருஷத்துக்கு பத்து தடவைக்கு மேல டாக்டர்ட்ட போறான், இவனுங்க நாலு தடவை போனா பெருசு, ஆனா ஜப்பான் செலவு இதுல பாதி கூட வராது. வைத்தியம் ஜாஸ்தி இல்ல தம்பி, வெலதான் ஜாஸ்தி.

ஏழு மாசம் தவணை கட்டுனேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, தெரிஞ்சா அந்தக் காசுக்கு ரெண்டு பேரும் பிளேன் ஏறி பந்தலடிக்கே வந்திருக்கலாமேடாம்பாங்க.