அப்பாவும் பிள்ளையும் ஒரே தாளின் முன்: வீட்டில் செய்யக்கூடிய சில கலை வேலைகள்

ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. தாய் இறந்த பிறகு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்த தம் தந்தையைப் போற்ற விரும்பிய சோனோரா ஸ்மார்ட் டாட் என்பவரின் முயற்சியால், அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் 1910 ஜூன் 19 அன்று தொடங்கிய வழக்கம் இது. இப்போது நம் பிள்ளைகளும் அந்த நாளுக்காகப் பள்ளியில் வாழ்த்து அட்டை செய்து வந்து அப்பாவிடம் நீட்டுகிறார்கள்; அவரும் மகிழ்ந்து வாங்கி அலமாரியில் வைக்கிறார். அந்த அட்டை உருவாகும் நேரத்தில் அப்பா அருகில் இருப்பதில்லை என்பதுதான் எனக்குள்ள குறை. ஆகவே, பிள்ளை வரைய அப்பா வேடிக்கை பார்ப்பதாக அமையாமல், இருவர் விரலிலும் வண்ணம் ஒட்டும்படி செய்யக்கூடிய சில வேலைகளை இங்கே விளக்குகிறேன்.

தனியாக ஓர் அறையோ விலை உயர்ந்த பொருள்களோ தேவையில்லை. தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, இருவரும் பழைய உடை அணிந்து, சம்மணமிட்டு உட்கார்ந்தால் போதும். மேசையைவிடத் தரை நல்லது. அங்கே அப்பாவின் கண்ணும் பிள்ளையின் கண்ணும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அலுவலகம் முடிந்து களைத்து வரும் மாலையில் தொடங்காமல், ஞாயிறு காலை உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

கைக்குள் கை

முதல் வேலையாக இதையே வையுங்கள். மூன்று வயதுப் பிள்ளையாலும் முடியும். ஒரு சார்ட் தாளின் நடுவே அப்பா தம் கையை விரித்து வைக்க வேண்டும், பிள்ளை அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். பென்சில் சாய்ந்தால் கோடு விரலுக்கு அடியில் புகுந்து விரல்கள் மெலிந்துவிடும் என்பதால், அதைச் செங்குத்தாகப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். பிறகு அந்தக் கோட்டுக்குள்ளேயே பிள்ளையின் கையை வைத்து அப்பா வரைய வேண்டும். பெரிய கைக்கும் சிறிய கைக்கும் இடையே விழும் வெற்றிடத்தில், அப்பாவின் கை நாள்தோறும் என்னென்ன செய்கிறது என்று பிள்ளை வரையட்டும்: ஸ்டீயரிங், தையல் இயந்திரம், சாந்துக் கரண்டி, கணினி, இரட்டைச் சடை பின்னுவது என எதுவாகவும் இருக்கலாம். சிறிய கைக்குள் அப்பா வரைய வேண்டும். அந்தக் கை இந்த வாரம் புதிதாகக் கற்றது என்ன என்று பிள்ளையிடமே கேட்டு வரையுங்கள். விரலில் உள்ள பழைய தழும்பைக் காட்டி, 'இது எப்படி வந்ததுப்பா?' என்று பிள்ளை கேட்டால், வரைவதை நிறுத்திவிட்டு அந்தக் கதையைச் சொல்லுங்கள். தாளின் மூலையில் தேதியை எழுதி, அடுத்த ஆண்டும் அதே நாளில் புதிய தாளில் இதைச் செய்யுங்கள்.

மஞ்சளில் மறைந்த எழுத்து

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. இதற்கு வேண்டியவை எல்லாம் அடுக்களையிலேயே இருக்கும். ஒரு சிறு கிண்ணம் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, அதைக் கரைசலில் தொட்டு, கெட்டியான வெள்ளைத் தாளில் அப்பா பிள்ளைக்கு ஒரு வரியும், பிள்ளை அப்பாவுக்கு ஒரு வரியும் எழுத வேண்டும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. எழுதத் தெரியாத பிள்ளை படமாக வரையலாம். மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்ந்ததும் தாளில் எதுவும் தெரியாது. பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு, மஞ்சள்தூள் கரைத்த நீரை அகலமான தூரிகையால் மெல்லப் பூசினால், தாள் முழுவதும் மஞ்சளாகி, எழுதிய இடம் மட்டும் செம்பழுப்பாகத் துலங்கும். தாளை ஊறவிடாமல், ஒரே வீச்சில் பூசி எடுத்துவிடுங்கள்; மீண்டும் மீண்டும் தேய்த்தால் சோடா கரைந்து பரவி எழுத்து கலங்கிவிடும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தன்மை பட்டதும் சிவப்பதே இதற்குக் காரணம். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி கரைக்கும்போது நடப்பதும், சட்டையில் பட்ட குழம்புக் கறை துணி சோப்புப் பட்டவுடன் சிவப்பதும் இதுவே. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால், சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். புளிப்பு பட்ட இடம் மீண்டும் மஞ்சளாகும். இந்த வேலைக்குச் சுண்ணாம்பைப் பயன்படுத்த வேண்டாம். அது கண்ணில் தெறித்தால் ஆபத்து.

காய்கறி அச்சு

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூவும், வெங்காயத்தை வெட்டினால் வளையங்களும் கிடைக்கும். வெட்டிய வெண்டைக்காயைத் துணியில் ஒற்றிச் சற்று உலரவிடாவிட்டால் அதன் வழவழப்பு வண்ணத்தைத் தாளில் ஒட்டவிடாது. தட்டில் நனைத்த துணியை மடித்து வைத்து, அதன்மேல் போஸ்டர் கலரைப் பரப்பினால் அச்சுத் திண்டு தயார். பாதியாக நறுக்கிய உருளைக்கிழங்கில் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்குவது அப்பாவின் வேலை. எழுத்து இடவலமாக மாறியிருந்தால்தான் தாளில் நேராக விழும். அதற்கு, மெல்லிய தாளில் மையால் அழுத்தி எழுதி, அதைத் திருப்பிப் பிடித்துப் பின்புறம் தெரிவதைப் பார்த்துச் செதுக்குங்கள்.

நுங்கு வண்டி

ஜூன் மாதத்தில் நுங்கு கிடைக்கும் ஊர்க்காரர்கள் இதை விட்டுவிடக் கூடாது. நுங்கை எடுத்த பின், ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு காய்களைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். விரல் பருமனும் ஒரு சாண் நீளமும் உள்ள குச்சியின் இரு முனைகளையும் சீவி, காய்களின் நடுவில் ஒவ்வொன்றாகக் குத்தி இறுக்கினால் அச்சும் சக்கரமும் ஆகிவிடும். பிள்ளையின் மார்பளவு நீளமுள்ள கவைக் கம்பின் கவட்டை அச்சின்மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். அன்றே செய்துவிடுங்கள், ஏனெனில் காய்ந்த காயில் குச்சி எளிதில் இறங்காது. கத்தி அப்பாவிடமே இருக்கட்டும். சக்கரத்தில் காவியாலும் வெள்ளையாலும் பட்டை போடுவது பிள்ளையின் பொறுப்பு. அப்பா தம் சிறுவயதில் ஓட்டிய வண்டியைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது.

தொலைவில் இருக்கும் அப்பாக்களுக்கு

வளைகுடா நாடுகளிலோ வடமாநிலங்களிலோ வேலை பார்க்கும் அப்பாக்கள் நம்மில் ஏராளம். அவர்கள் ஒரு தாளை இரண்டாக மடித்து, மேல் பாதியில் ஒரு விலங்கின் தலையையும் கழுத்தையும் வரைந்து, கழுத்துக் கோடுகள் முடியும் இடத்தை மட்டும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். மேலே இருப்பது என்ன விலங்கு என்று தெரியாமலேயே பிள்ளை வீட்டில் இன்னொரு தாளில் உடலையும் காலையும் வரைய வேண்டும். விடியோ அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் தாளைக் காட்டும்போது யானைத் தலைக்குக் கோழிக்கால் வந்திருக்கும். நடந்ததைக் கேட்டு நலம் விசாரிப்பதிலேயே முடியும் அழைப்புகளுக்கு நடுவே, இருவரும் சேர்ந்து செய்த ஒன்றாக இது நிற்கும். அப்பா இல்லாத வீட்டில் தாத்தாவோ, தாய்மாமனோ, சித்தப்பாவோ இந்த வேலைகள் அனைத்தையும் அதே அக்கறையோடு செய்யலாம்.

வரையும்போது சொல்வதும் சொல்லாததும்

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் பலர் மனிதனை வரையும்போது, ஒரு வட்டமும் அதிலிருந்தே இறங்கும் இரண்டு கால்களுமாக வரைவார்கள். உடம்பு எங்கே என்று கேட்டுத் திருத்த வேண்டாம். வளர வளர உடம்பு தானாக வந்து சேரும். 'இது என்ன?' என்று கேட்பதைவிட 'இதைப் பற்றி அப்பாவுக்குச் சொல்லேன்' என்று கேட்பது நல்லது. பிள்ளைக்கு விளங்கும் படம் நமக்கு விளங்கவில்லை என்ற ஏமாற்றம் அதற்கு வராது. பிள்ளையின் தாளில் அப்பா கோடு போடுவதாக இருந்தால் அனுமதி கேட்டுவிட்டே போட வேண்டும். 'எனக்கு வரைய வராது' என்று ஒதுங்கும் அப்பாக்களிடம் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: உங்கள் கோணல் யானையைப் பார்த்தால்தான் பிள்ளைக்குத் தன் கோணல் யானைமேல் துணிவு பிறக்கும்.

முடிந்தவற்றைப் பத்திரப்படுத்த ஒரு பெரிய கோப்பு வாங்கி வையுங்கள். ஒவ்வொரு தாளின் பின்புறமும் தேதியையும், வரையும்போது பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை அது சொன்னபடியே எழுதி வையுங்கள். போஸ்டர் கலர் தாள்கள் முழுவதும் காயாமல் உள்ளே போனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடையே வெள்ளைத் தாள் வைப்பது நல்லது. மஞ்சளில் எழுதியதைச் சுவரில் மாட்ட வேண்டாம். வெயில் பட்டால் மஞ்சள் நிறம் வெளுத்துவிடும்.