காஞ்சொறிக் கீரையில் நறநறப்பு: கடைசியில் தீர்ந்தது

காட்டில் பறித்த காஞ்சொறியை (அர்ட்டிகா டயோயிகா) சமைத்தால் அரிப்பு துளியும் இல்லை. கொதிநீரில் 2 நிமிடம் போட்டாலே முள்மயிர்கள் செயலிழந்துவிடும். ஆனால் ஒவ்வொரு வாயிலும் மண் கடிபடுவது போல நறநறவென்றிருந்தது.

மண்தான் என்று நினைத்துத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசினேன். பாத்திரத்தின் அடியில் ஒரு துகள்கூடத் தங்கவில்லை, நறநறப்பும் போகவில்லை. கூடுதல் நேரம் வேகவைத்தேன், நிறம்தான் கறுத்தது. மிக்ஸியில் அரைத்து சூப் வைத்தேன். அதிலும் நாக்கில் தட்டியது.

விடை செடியிலேயே இருந்தது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், நூல் போன்ற பச்சைச் சரங்கள் தொங்கின. அவைதான் பூ! இதழோ நிறமோ இல்லாததால் கண்ணில் படவே படாது. பூக்கத் தொடங்கியதும் இலைக்குள் சிஸ்டோலித் எனப்படும் கால்சியம் கார்பனேட் துகள்கள் சேர்ந்துவிடுகின்றன. கழுவினால் எப்படிப் போகும்? அந்த இலை சிறுநீர்ப்பாதையையும் உறுத்தக்கூடும் என்பதால் சாப்பிடாமல் விடுவதே நல்லது.

தடிமனான கையுறை போட்டு, பூத்த தண்டுகளைத் தரையை ஒட்டி வெட்டிவிட்டேன். சில வாரங்களில் புதுத்தளிர் வந்தது. சரம் எட்டிப் பார்க்கிறதா என்று ஒவ்வொரு கணுவாகப் பார்த்து, நுனியிலிருந்து 4 முதல் 6 இலை வரை மட்டும் கிள்ளினேன். வெந்ததும் வெண்ணெய் போலக் குழைந்தது, நறநறப்பு சுத்தமாக இல்லை. அப்பாடா! இப்போது தளிர் முற்றுவதற்குள் மறுபடி வெட்டிவிடுகிறேன்.